நனையாத பொதி

ஆழியைப் படுக்கையாக்கி, பாம்பை அணையாக்கி, அலை ஆயிரம் வந்து மோதியும் இமை அசையாமல் அறிதுயில் கொள்ளும் பெருமானே, உன் திருவடிக்கு முதல் வணக்கம். உனக்கு மிதவைச் சட்டை வேண்டியதில்லை. எங்களுக்கு வேண்டும். அந்தச் சட்டையைத் தைப்பவர் எங்கேயோ இருக்கிறார். அதன் பைகளை நிரப்புவது என் தொழில். நிரப்பியது எதுவும் பயன்படாமல் மாலையில் திரும்பி வந்தால் அன்று தொழில் நன்றாக நடந்தது என்று பொருள்.

தலைக்கவசம் போடச் சொல்லி மகனிடம் ஏச்சு வாங்கும் தகப்பன்மாரே, மாத்திரை விழுங்கச் சொல்லி நோயாளியிடம் ஏச்சு வாங்கும் நர்ஸம்மாமாரே, பிறர் உயிருக்கு அவர்களைக் காட்டிலும் அதிகமாகப் பயந்து பிழைப்பவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கிடங்குப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் பாராயணமும் விளக்குமாக இருந்தவனை, வளைகுடாவிலிருந்து திரும்பிய ஜெபராஜ் என்பவர் தேடி வந்து அழைத்தார். மணக்குடிக் காயலில் ஓராள் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் தொழில் தொடங்கியிருந்தார். ஒரு படகில் ஒருவர்தான் போகலாம். கவிழ்ந்தால் கைகொடுக்க இன்னொருவர் கிடையாது. ஆகவே கத்தி, விசில், வெயிலைத் திருப்பி அடிக்க ஒரு கண்ணாடி, டார்ச், தண்ணீர்ப் பாக்கெட், கருப்பட்டித் துண்டு, நைலான் கயிறு எல்லாம் ஆளின் உடம்பில் இருக்க வேண்டும். படகில் இருக்கக் கூடாது. கவிழ்ந்த படகைக் காற்று கொண்டுபோகும் வேகத்தில் எவராலும் நீந்த முடியாது. இவ்வளவுதான் இந்தத் தொழிலின் சாத்திரம். இதை நான் சொல்லாத நாள் இல்லை. ஒழுங்காகக் கேட்டவன் ஒருவன் மட்டுமே. அவன் பெயர் சூசை. அவனைப் பற்றிச் சொல்லத்தான் மற்றவர்களையும் சொல்கிறேன்.

புதுச் சட்டையின் மேல்

முதல் வாரத்தில் வடசேரியிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். மஞ்சளும் நீலமுமாகப் பூப்போட்ட புதுச் சட்டை. நான் மிதவைச் சட்டையை அவர் தோளில் மாட்டி, எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். கேட்பதுபோல் தலையை ஆட்டினார். கரையிலிருந்து இருபது முழம் போனதும் வாரைக் கழற்றினார், மிதவைச் சட்டையை மடித்தார், இருக்கைக்கு அடியில் திணித்தார். கைப்பேசியை நீட்டிப் பிடித்துச் சிரிக்கத் தொடங்கினார்.

நான் கரையில் நின்று கூவினேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, இறைவன் அருளால் நனையாமல் வந்து இறங்கினார். "ஐயா, சட்டை இருக்கைக்கு அடியில் இருந்தால் மிதக்கப் போவது இருக்கைதான்" என்றேன். அவர் சற்றும் கோபப்படவில்லை. விவரம் தெரியாதவனுக்கு விளக்கும் பொறுமையோடு சொன்னார்: "பாட்டா, புதுச் சட்டை எடுத்ததே போட்டோ புடிக்கத்தான். அதுக்க மேல இத மாட்டுனா எனக்க சட்ட எப்பிடித் தெரியும்?"

கல் மிதந்த கதை

அஞ்சுகிராமத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியர் வந்தார். என் நெற்றி நாமத்தைப் பார்த்ததும் பேச்சு பக்திநூல்களின் பக்கம் திரும்பியது. நல்ல படிப்பாளி. நானும் மகிழ்ந்துபோய், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அடியார் ஐந்தெழுத்தை ஓதிக் கரை சேர்ந்த வரலாற்றை, சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. அவருக்கும் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

அவர் வாரைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்: "அப்பம் அவருக்குக் கல்லு போதும்னா எனக்கு எதுக்கு இந்தச் சட்ட, தாத்தா? நானும் தினமும் சாமி கும்பிடுகவன்தானே?"

வரவேற்புரை

மனிதர் அலட்சியமாக இருப்பது அறியாமையால்தான் என்று எண்ணி, படகுத்துறையில் நின்று வருவோர்க்கெல்லாம் ஒரு சிற்றுரை ஆற்றத் தொடங்கினேன். குளிர்ந்த நீரில் விரல்கள் எப்படி மரத்துப் போகும், உப்புத் தண்ணீரைக் குடித்தவனுக்குத் தாகம் எப்படிப் பெருகும், கத்திக் கத்திக் குரல் எத்தனை விரைவில் அற்றுப் போகும் என்று முறையாகச் சொன்னேன். இரண்டாம் நாள் ஒரு குடும்பம் கேட்டது. கேட்டுவிட்டு இளநீர் மட்டும் குடித்துத் திரும்பிப் போய்விட்டது.

ஜெபராஜ் என்னைத் தனியே அழைத்தார். மரியாதை குறையாமல், ஆனால் பல்லைக் கடித்தபடி சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க சொல்லுகது எல்லாம் கரெக்ட்டு. ஆனா இது ஹாலிடே ஸ்பாட்டு. கஸ்டமருக்க முன்னால வச்சு சாவப் பத்திப் பேசப்பிடாது."

சூசையின் கண்ணாடி

சூசை கடற்கரைக்காரன். நாற்பத்தைந்து வயது. பிற்பகலில் எங்கள் படகுத்துறையில் வேலை பார்ப்பான். விடியற்காலையில் ஜெபராஜின் பழைய ஓராள் படகொன்றை எடுத்துக்கொண்டு, ஆறு கடலில் விழும் மணல்வாயைத் தாண்டி வெளியே போய் நண்டு வலை இழுப்பான். அந்த மணல்வாயை இங்கே பொழி என்பார்கள். காயலில் கவிழ்ந்தவன் இடுப்பளவு சேற்றில் நின்று சிரிக்கலாம். பொழிக்கு வெளியே கவிழ்ந்தவனுக்கு நிற்க இடம் கிடையாது. அங்கே தனியாகப் போகிறவன் அவன் ஒருவனே. நான் சொன்னதைச் செவிமடுத்தவனும் அவன் ஒருவனே. "பாட்டா நெறச்சுத் தந்தா போட்டுட்டுப் போறேன்" என்று தினமும் வந்து தோளைக் காட்டி நிற்பான். மாதா படம் ஒன்றைக் கொடுத்து, "இதையும் கூட வையுங்க" என்றான். என் பெருமானின் பெயரைச் சொல்லியபடி அவனுடைய அன்னையின் படத்தை உள்ளே வைத்தேன்.

ஆனால் வாரம் ஒருமுறை பைகளைச் சோதிக்கும்போது ஏதாவது குறையும். கருப்பட்டியை அவனே தின்றிருப்பான். கத்தி மீன் அரிய வீட்டுக்குப் போயிருக்கும். சட்டையின் தோளில் விசிலைத் தொங்கவிட ஒரு வளையம் உண்டு. அதில் தொங்கியதை அண்டை வீட்டுக் குழந்தைகள் ஊதித் திரிந்தன. ஒருநாள் கண்ணாடியும் இல்லை. மனம் பொறாமல் அவன் வீட்டுக்கே போனேன். அவன் மனைவி ரெஜினாள் முற்றத்தில் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணியில் தொங்கியது என் கண்ணாடி. அது உயிர் காக்கும் பொருள், அதை எடுப்பது உன் தாலியை நீயே அறுப்பதற்குச் சமம் என்று, தெருவில் போனவர்களும் நின்று கேட்கும் அளவுக்கு நெடுநேரம் எடுத்துரைத்தேன். அவள் தலையிலிருந்து சீப்பை எடுக்காமலே பதில் சொன்னாள்: "வீட்டில கண்ணாடி ஒடஞ்சு போச்சு பாட்டா. கடலுக்க நடுவுல அவருக்க மூஞ்சிய ஆரு பாக்கப் போறா?"

கீரிப்பாறை முறை

இனி எவரும் எதையும் எடுக்க முடியாதபடி செய்வது என்று அன்றே தீர்மானித்தேன். கீரிப்பாறையில் ரப்பர்ப்பால் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பும்போது, போத்தலின் வாயைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றி, மெழுகு தோய்த்த நூலால் மூன்று முடிச்சுப் போடுவது என் கைமுறை. முப்பது ஆண்டுகளில் ஒரு போத்தல் கசிந்தது இல்லை. வழியில் ஒருவராலும் பிரிக்க முடிந்ததும் இல்லை. அதே முறையில், எல்லாப் பொருளையும் திரும்பச் சேர்த்து ஒரே பொதியாக்கி, இரட்டை உறையிட்டு, டியூப் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டுச் சூசையின் மார்புப் பையில் வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு முடிச்சை இறுக்கும்போதும் ஒரு திருநாமம் சொன்னேன். விசிலையும் உள்ளே வைத்துவிட்டேன். வெளியே தொங்கினால் உப்பில் ஊறி உள்ளிருக்கும் உருண்டை ஒட்டிக்கொள்ளும், குழந்தைகள் கையிலும் அகப்படும் என்று காரணமும் வைத்திருந்தேன். சூசை பொதியைத் தட்டிப் பார்த்து, "இனி ரெஜினாளுக்கு வேலை இல்ல" என்று சிரித்தான்.

அந்த மாதம் பாதுகாப்பைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். ஜெபராஜ் சூசையின் சட்டையைத்தான் எடுத்துக் காட்டினார். அதிகாரி பொதியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முடிச்சைத் தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். எனக்குப் பாராட்டு கிடைத்தது என் உத்தியோக காலத்தில்கூட அபூர்வம். ஆகவே அவர் சொன்ன சொல்லை வீட்டுக்குப் போகும்வரை வாய்க்குள் வைத்துச் சுவைத்தேன்: "இப்படி ஒரு பேக்கிங்கை நான் எங்கயும் பார்த்ததில்லை பெரியவரே, பிரிக்கவே மனசு வரல."

அவர் பிரிக்கவில்லை. நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

பொழிக்கு வெளியே

மழைக்குப் பின் பொழி அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு காலையில், வலையிழுக்கும்போது குறுக்கே வந்த அலை சூசையின் படகைப் புரட்டியது. அவன் மேலே வந்து பார்க்கையில் படகு முப்பது பாகத் தொலைவு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. சட்டை அவனை மிதக்க வைத்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. காலை எட்டு மணியிலிருந்து வெயில் உச்சி சாயும்வரை மிதந்தான்.

முதலில் ஒரு விசைப்படகு போனது. அதில் பாடிய பாட்டு அவனுக்குக் கேட்டது. அவன் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் பையைக் கிழித்துப் பொதியை எடுத்திருக்கிறான். வலைக்கயிறு அறுத்த விரல்கள், நீரில் ஊறி வெளுத்த விரல்கள், நூலைப் பற்ற முடியவில்லை. பல்லால் கடித்திருக்கிறான். நான் சொல்லி இறுக்கிய மூன்று திருநாமங்களையும் அவன் பல்லால் கடித்திருக்கிறான். கடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது படகு திசை மாறிப் போய்விட்டது. மூன்றாவது ஒரு வள்ளம். அது அவனைப் பாராமல் அவன் மேலேயே வந்தது. வலது கையை உயர்த்தியிருக்கிறான். வள்ளத்தின் கூர்முனையான முன்னணியம் தோளில் மோதிய பிறகுதான் வள்ளத்தில் இருந்தவர்களுக்கு அங்கே ஓர் ஆள் இருப்பது தெரிந்தது. அவர்கள்தாம் தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். தோளெலும்பு நொறுங்கியிருந்தது. துடுப்பு இனி அந்தக் கைக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பற்கள் இரண்டு இல்லை. என்ன நடந்தது என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. சூசை என்னை நோகடிக்க நினைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னான்: "சட்ட கொள்ளாம் பாட்டா, ஆள மெதக்க வச்சுது. பொதிதான் தொறக்கல. முடிச்ச அறுக்கக் கத்தி வேணும், கத்தி பொதிக்க உள்ள இருக்கு."

ரெஜினாள் சொன்னது

தலையணைக்கு அடியிலிருந்து ரெஜினாள் அந்தப் பொதியை எடுத்தாள். மெழுகு நூலில் பற்குறி இருந்தது. முடிச்சு மூன்றும் முழுதாக இருந்தன. என் மடியில் வைத்தாள். அழவில்லை. சத்தமும் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அந்த வார்டில் பத்துப் பேர் முன்னிலையில் தலைகுனிந்து நின்று, அதையே தண்டனையாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பியிருப்பேன். தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "ஒரு கண்ணாடி எடுத்ததுக்கு ஊரக் கூட்டி எனக்கு வேதம் ஓதினியளே பாட்டா. நான் ஒரு சாதனந்தானே எடுத்தேன். நீங்க மொத்தத்தையும் எடுத்திட்டியளே."

குளியலறையில்

மறுநாள் காலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளி நீரில் கையைக் கால்மணி நேரம் ஊறவைத்துப் பொதியை எடுத்தேன். நல்ல வெளிச்சம். காலுக்குக் கீழே தரை. அலை இல்லை. போட்டவனும் நானே. முடிச்சு அவிழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன். நகம் பிய்ந்தது. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தேன். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. கருப்பட்டி இளகாமல் இருந்தது. மாதா புன்னகை மாறாமல் இருந்தாள். எல்லாவற்றையும் நான் காப்பாற்றியிருந்தேன்.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். ஒரே ஊதல், அந்தச் சுவர்களுக்குள் காது அடைத்துப் போயிற்று. பொழிக்கு வெளியே போன முதல் படகுக்கு இது கேட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வாசலுக்கு வந்தபோது, பல் தேய்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் கை அசைத்துக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, இந்த வயசில கண்டக்டர் வேலை வல்லதும் கெடச்சிருக்கா?"

வாளித் தண்ணீர்

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஜெபராஜிடம் சொன்னேன். "நீங்களும் போனா ஆரு அண்ணாச்சி இதச் செய்வா" என்றார். அவர் விடவில்லை என்பதைவிட, நான் போகத் துணியவில்லை என்பதே உண்மை. இப்போது விசில் தோள் வளையத்தில் தொங்குகிறது. கத்தி மார்பில், ஒரே இழுப்பில் வரும் உறையில் இருக்கிறது. ஒரு பொருளிலும் முடிச்சு இல்லை. படகுத்துறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருக்கிறேன். படகேறும் எவரும் அதில் கையை நனைத்து, கண்ணை மூடி, நான் ஒரு திருநாமத்தைப் பத்து முறை சொல்லி முடிப்பதற்குள் விசிலை ஊதி, கத்தியை எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் துடுப்பு. வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சூசையை உட்கார வைத்திருக்கிறார் ஜெபராஜ். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். நாற்காலியைத் திருப்பிப் போடு என்று நான் சொன்னதில்லை.

வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களிடம் சூசை வாயைத் திறந்து பல் இல்லாத இடத்தைக் காட்டி, நடந்ததைச் சொல்வான். அதன்பிறகு அனேகமாக எல்லாரும் கையை நனைப்பார்கள். சென்ற வாரம் வடசேரி ஜவுளிக்கடைக்காரர் மறுபடி வந்தார். இந்த முறையும் புதுச் சட்டைதான். மிதவைச் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே கதையைக் கேட்டார். முடிச்சு வந்த இடத்தில் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "எவன்வே அது? ஒரு மனுசனுக்க உயிருக்க மேல இப்பிடி ஒரு கெட்டு கெட்டி வச்சது, எவன்?" என்று கத்தினார். நான் இரண்டடி தள்ளி, குனிந்து ஒரு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சூசை என் பக்கம் திரும்பவில்லை. இடது கையால் வாளியை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் மிதவைச் சட்டையைப் புதுச் சட்டையின் மேலேயே மாட்டிக்கொண்டு, கையை வாளிக்குள் விட்ட பிறகுதான் சூசை பதில் சொன்னான்: "நல்ல மனுசன்தான் சார். பத்திரமா இருக்கட்டும்னு கெட்டிட்டாரு."

ஆக, கீரிப்பாறை முதல் மணக்குடி வரை என் கைப்பட்ட பொருள் ஒன்றுகூட இன்றுவரை நனைந்ததில்லை. நனைந்தவன் சூசை மட்டுமே.

இதை வாசித்தவரும், வாசிக்கக் கேட்டவரும், எந்த நீரில் தனியே இறங்க நேர்ந்தாலும், அவர்களைக் காப்பது அவர்கள் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அவர்கள் எழுப்பும் ஒலி சென்று சேரும் தொலைவில் ஒரு செவி திறந்திருக்கட்டும். ஆழியில் துயில்பவன் அவர்கள் பொருட்டு ஒரு கணமேனும் கண் விழிக்கட்டும்.